பதினோராம் அத்தியாயம்

கொழும்பில் ஒரு கூட்டத்தில் கேட்டார்கள்
கதை எங்கிருந்து வருகிறது என்று.
மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு
பனிமூட்டம் என்றேன்.
மலையிலிருந்து போனவன் வேறென்ன சொல்வான்.
கைதட்டினார்கள்.
வடையும் தந்தார்கள்.

பனி வருவது உண்மைதான்.
பொகவந்தலாவையில், உபதபாலகத்தின் பின்னறையில்,
உடைந்த கண்ணாடிக்கு ஒட்டிய கலண்டர் மட்டையின்
ஓரத்தால் வரும்.
வந்து
சீ.ஆர். கொப்பியை நமுத்துப்போகச் செய்யும்,
பேனையை அடைக்கும்,
ஒரு வரியும் தராமல்
ஏழு மணிக்குப் போய்விடும்.

நான் எழுதுவது நாலரைக்கும் ஆறுக்கும் நடுவே.
முதல் ஹட்டன் பஸ் ஹோர்ன் அடித்தால்
கொப்பியை மூடிவிட வேண்டும்.
பிறகு முத்திரை, பதிவுத் தபால், சில்லறைச் சண்டை.
சில நாள், ஒருத்தி ஒரு கதவைத் திறந்து
உள்ளே வருவதற்குள் விடிந்துவிடும்.
சில நாள் கதவே திறக்காது.
பெரட்டுக் களத்தில் போடுவார்களே,
அப்படி எனக்கு நானே
அரைப்பேர் போட்டுக்கொண்ட நாட்கள் அதிகம்.

ஞாயிறு பத்திரிகையில்
பதினோராம் அத்தியாயம் வந்த கிழமை
சிவபாக்கியம் வந்தாள்.
ஈ.பி.எஃப். படிவத்தோடுதான் வரிசையில் நின்றாள்.
முறை வந்ததும் படிவத்தை நீட்டவில்லை.

"எங்க வூட்டுக்காரரக் கதையில போட்டிருக்கீங்களாம்.
மக வாசிச்சுக் காட்டுனா."

பெயரை மாற்றியிருந்தேன்.
தோட்டத்தை மாற்றியிருந்தேன்.
ஆற்றையே கிழக்கே தள்ளியிருந்தேன்.
குளவியை மாற்றவில்லை.
ஐந்தாம் நம்பர் மலையில் கூடு கலைந்த
அந்தப் பத்து மணியை மாற்றவில்லை.

பின்னால் நின்றவர்கள் செருமினார்கள்.
முத்திரைக் கட்டையை மைப்பெட்டியில் வைத்து,
எடுத்து, மறுபடி வைத்து,
வசவுக்குக் காத்திருந்தேன்.

"அவரு எடக்கைக்காரரு.
கவ்வாத்துக் கத்திய எடக்கையிலதான் புடிப்பாரு.
நீங்க சோத்தாங்கையில குடுத்துட்டீங்க."

அவ்வளவுதானா?

"குடிக்க மாட்டாரு. அதையும் எடுத்துருங்க."

காசுக்கட்டளைப் படிவத்தின் பின்புறம்
எழுதிக்கொண்டேன்.

"அப்பறம், வுழுந்து கெடக்கயில
பொண்டாட்டி பேரச் சொல்லிக் கூப்புட்டாருன்னு
எழுதியிருக்கீங்க."

தலையைக் குனிந்தேன்.
அது நான் இட்டுக்கட்டியது.
மணி ஐந்தே முக்கால், அத்தியாயம் முடியவில்லை,
பஸ் வரப்போகிறது.
அந்த அவசரத்தில் வந்து விழுந்த வரி.

"இருவத்தாறு வருசம்.
ஒரு நா பேர் சொன்னதில்ல அந்த மனுசன்.
ஏய்ம்பாரு. இந்தாம்பாரு.
இல்லாட்டி மக பேரச் சொல்லிக் கூப்புடுவாரு."

இப்போதுதான் படிவத்தை நீட்டினாள்.

"அத மட்டும் அழிச்சுறாதீங்க."

அன்றிரவு தூங்கவில்லை என்று எழுதினால் பொய்.
நன்றாகத் தூங்கினேன்.
நாலரைக்கு எழுந்து, வலது என்று வந்த இடமெல்லாம்
இடது போட்டேன்.
ஒரு சொல்தானே.

இடக்கைக்காரன் ஆனதும்
காம்பராவில் விளக்கு இடம் பெயர்ந்தது.
அவன் படுக்கும் பக்கம் மாறியது.
மூன்றாம் அத்தியாயத்தில் மகளை எந்த இடுப்பில் சுமந்தான்,
ஏழாவதில் கணக்கப்பிள்ளைமேல் எந்தக் கையை ஓங்கினான்,
எல்லாம் திரும்ப எழுத வேண்டும்.
குடியை எடுத்ததும்
மாலை நேரங்கள் வெறுமையாகி நின்றன.
இவ்வளவு நேரத்தையும் வைத்துக்கொண்டு
என்னதான் செய்தான்?
சிவபாக்கியத்திடம் கேட்கலாம்.
கேட்டால் சொல்வாள்,
சொன்னால் அதையே எழுதிவிடுவேன்.
கேட்கவில்லை.

அறுபது பக்கம் கிழிந்தாயிற்று.
பத்திரிகையிலிருந்து போன் வந்தபடி இருக்கிறது.
அந்த ஒரு வரியைத் தொடவில்லை.
இட்டுக்கட்டியவன் நான்தான்,
ஆனால் அழிக்கும் உரிமை
இப்போது என்னிடம் இல்லை.

மறுபடி யாராவது மைக்கைத் தந்தால்
பனிமூட்டம் என்றே சொல்லிவிடலாம்.
வடையாவது கிடைக்கும்.

இன்று விடிய பிளேன்டி ஊற்றினேன்.
மேசைக்கு எதிர்ப்பக்கம் இன்னொரு கோப்பை வைத்தேன்,
ஏனென்று தெரியாமல்.
பிறகு எட்டி, அதன் காதை
அவனுக்கு இடப்பக்கமாகத்
திருப்பி வைத்தேன்.