கரைக்கும் தண்ணிக்கும் நடுவே

மார்ச் முப்பத்தொன்று, மாலை நாலரை.
பிரிண்டர் மூன்றாம் முறையாகத் தாளைத் தின்றுவிட்டுக் கிடந்தது.
முக்கூடல் கிளையின் கவுண்டர் கம்பிக்கு அந்தப் பக்கம்
முப்பிடாதி.
நகக்கண்ணில் புகையிலைத் தூள்,
கையில் பீடி இலை போல ஓரம் சுருண்ட பாஸ்புக்.

“ஒங்க பேங்கு கழுத்து மட்டும் கடன்ல கெடக்காம்லா, மேடம்.
இலைக்கடையில பேசுதாவ.
நூறு ரூவா சொத்துன்னா
தொண்ணூத்தோரு ரூவா கடனாம்.
எம் பணத்தக் குடுத்திருங்க.”

எண் சரி. அதுதான் சங்கடம்.
தலைமை அலுவலகத் தாள் என் மேசையிலேயே இருந்தது:
இடப்பக்கம் பொறுப்புகள், வலப்பக்கம் சொத்துகள்,
அடியில் இரண்டும் பைசா பிசகாமல் ஒரே தொகை.

அந்தத் தொண்ணூற்றொன்றில், என்றேன்,
வெளியே நாங்கள் கைநீட்டி வாங்கியது ஆறோ ஏழோ.
மிச்சமெல்லாம் நீங்கள் போட்டது.
நீங்கள், இலைக்கடை சாகுல், பாப்பாக்குடி டீச்சர்,
தோஹாவிலிருந்து மாதாமாதம் அனுப்புகிற
அந்த அரியநாயகிபுரத்துப் பையன்.
நீங்கள் சேமிப்பு என்பதை
நாங்கள் கடன் என்று எழுதுவோம்.

கட்டுக்கு இருபத்தைந்து என்று
பார்க்காமலே எண்ணிப் பழகிய விரல்கள்
கம்பியில் அப்படியே நின்றன.

“அப்பம் நாந்தான் ஒங்களுக்குக் கடன் குடுத்தவளா?”

ஆமாம்.

“எம்புட்டு?”

எண்பத்து நாலாயிரத்து இருநூறு.

முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள்.
சுவரோரம் கிடந்த நாற்காலியைச் சத்தமாக இழுத்துப் போட்டு
ஏழு வருஷத்தில் முதல் தடவையாக
உட்கார்ந்தாள்.

“எங் கொழுந்தன் அம்பதாயிரம் கேட்டப்பம்
ரெண்டு ஜாமீன் வேணும்னிய.
ஒருத்தர் கவர்மெண்டு உத்தியோகமா இருக்கணும்னிய.
எனக்கு ஜாமீன் யாரு?”

காப்பீடு, வரம்பு, சுற்றறிக்கை எல்லாம் சொன்னேன்.
பாக்கு கேட்டவளுக்குச் சுண்ணாம்பு கொடுத்தது போல
வாங்கிக்கொண்டாள்.

“மிச்சம் ஒம்பது ரூவா?”

அது வங்கியின் சொந்த முதல்.
வாங்கினவன் கட்டாமல் போனால் முதலில் அதுதான் கரையும்.
அது தீர்ந்தால்தான் உங்கள் மேல் கை வைக்கும்.

கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தாள்.
“கொளம் நெறஞ்சு கெடக்கது குத்தமில்ல, மேடம்.
தண்ணி கொளத்துக்குச் சொந்தமுமில்ல, வயலுக்குள்ளது.
கரைக்கும் தண்ணிக்கும் நடுவுல எத்தன சாண் இருக்கு,
அதத்தான் ஐப்பசியில பாப்பாவ.
சரி, ஒங்க ஒம்பது சாண் கரையில
எலி வளை எத்தன?”

மேலாளர் கூட என்னை இப்படிக் கேட்டதில்லை.
வலப்பக்கத்தைப் பார்த்தேன்.
சேரன்மகாதேவி அரிசி ஆலை, மூன்று வருஷமாகப் பூட்டு.
செங்கல் சூளை ஒன்று, புகை கண்டு நாளாயிற்று.
ஒரு லாரி; ஓனர் திருப்பூரில் இருப்பதாகக் கேள்வி.
எல்லாவற்றுக்கும் தாளில் பெயர் சொத்து.
பெட்டகத்தில் இருப்பது கைப்பிடி ரொக்கம்.
மிச்ச வலப்பக்கம் முழுக்க
யார் யாரோ தருகிறேன் என்று சொன்ன சொல்.

வளை இருக்கிறது, என்றேன். நூற்றுக்கு நாலு.
“நாலு.” வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

இன்னும் கீழே, நகைக்கடன் வரிசையில்,
மூன்று பவுன், முப்பிடாதி,
மகளின் நர்சிங் கட்டணத்துக்கு வைத்தது.
தாளைத் திருப்பிக் காட்டினேன்.
இந்தப் பக்கம் எங்கள் கடன் நீங்கள்.
அந்தப் பக்கம் எங்கள் சொத்தும் நீங்கள்.

அவள் சிரிக்கவில்லை.
“நாலாயிரத்து எரநூற மட்டும் குடுங்க.
எம்பது கெடக்கட்டும்.
மாசாமாசம் வருவேன், வளையப் பாக்க.”

நோட்டுகளை இரண்டு தரம் எண்ணினாள்.
வாசல் வரை போனவள் திரும்பினாள்:

“நான் ஒங்களுக்குக் குடுத்ததுக்கு வட்டி மூணு.
நீங்க எனக்குக் குடுத்ததுக்கு ஒம்பதர.
அந்தக் கணக்க இன்னொரு நாளைக்கு வச்சிக்கிடுவோம்.”