வேறு பெயர்கள்

அல் தைத் தாண்டி, தார் முடிகிற இடத்தில்
பதினோரு பேர், ஒரு வேன், கோணிகள்.
யாரோ சுட்டுத் தின்ற கரி,
ஒட்டகம் விழுங்குமுன் நாங்கள் பொறுக்கிய
பிளாஸ்டிக் பைகள்.

காஃப் மரம் என்றாள் ஷம்ஸா.
இலையைக் கசக்கிப் பார்த்தேன்.
அட, வன்னி.
இரண்டு தடவை சொல்லச் சொல்லி
படிவத்தில், ‘வேறு பெயர்கள்’ கட்டத்தில்
வலமிருந்து இடமாக எழுதிக்கொண்டாள்.

அடிமரத்தில், எப்போதோ ஆடு கட்டிய கம்பி.
ஆறு நாளும் கம்பி கட்டுகிறவன் நான்;
குறடு என்னிடம்தான் இருந்தது.
வெளியே தெரிந்ததை வெட்டினேன்.
மீதி பட்டைக்குள் போயிருந்தது.
இழுத்தேன்.
“விடு, இனி அது மரத்துடையது”
என்றான் ரொடேலியோ.

திரும்புகையில்
கோணிக்குள் அரை வளையம்
குலுங்கிக்கொண்டே வந்தது
தார்ச்சாலை வரும்வரை.