மைனஸ் எண்பத்திரண்டு

பதினான்காவது கொண்டை ஊசி வளைவில்
ஹெல்மெட்டுக்குள் புகுந்துகொண்டது பனி.
பையில் பவர் மீட்டர், இரண்டு பேட்ச் கார்டு,
ஐந்து ரோட்டில் கட்டித் தந்த தட்டுவடை செட்
சட்னியில் ஊறிக்கொண்டு.
புகார் எண் 4417. ஏற்காடு, நாகலூர்ப் பாதை.
சிவப்பு விளக்கு எரிகிறதாம்.

சில்வர் ஓக் கிளை ஒன்று விழுந்து
இழையை மடக்கியிருந்தது, அவ்வளவுதான்.
மிளகுக்கொடியோடு கொடியாக ஓடும் கண்ணாடி,
மடங்கிய இடத்தில் வெளிச்சம் நின்றுவிடும்.
ஏணி போட்டு நிமிர்த்தினேன்.
பச்சை வந்தது.

பிலோமினா அக்கா போகவிடவில்லை.
மூன்று அறைகளை வாடகைக்கு விடுகிறவர்.
"வர்றவங்க என்னென்னமோ கேக்குறாங்க தம்பி,
எனக்குப் பதில் தெரிய வேணாமா?"
கோடு போட்ட நோட்டு திறந்தது.
காப்பி வந்தது, சொந்தத் தோட்டம், கொஞ்சம் தீய்ந்த வாசம்.

ஐ.பி. முகவரி?
கதவு எண் அக்கா, ஆனால் சொந்தமில்லை.
ரவுட்டர் குத்தகைக்குத் தரும்,
கெடு முடிந்தால் வாங்கிக்கொள்ளும்.
சொல்லும்போதே
குகையில் என் வீட்டுக்காரர்
பதினோரு மாத ஒப்பந்தத்தோடு கண்முன் நின்றார்.

கேட்வே?
வெளியே போக இருக்கிற ஒரே வாசல்.
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, நூற்று அறுபத்தெட்டு,
ஒன்று, ஒன்று.
"எல்லா வீட்டுக்கும் இதே நம்பரா?"
பெரும்பாலும்.
"குழம்பாதா?"
எல்லா வீட்டிலும்தான் அம்மா என்று கூப்பிடுகிறார்கள்,
எந்த அம்மா அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறாள்?
சிரித்துக்கொண்டே எழுதினார், எழுத்துப் பிழையோடு.

நேட் என்றால்
உள்ளே எத்தனை பேர் இருந்தாலும் தெருவுக்கு ஒரே முகம்.
எங்கள் தெருவில் என் மனைவிக்குப் பெயர் கிடையாது,
'நெட்டுக்காரர் வீடு'.
இதை அக்காவிடம் சொல்லவில்லை.

பிங்?
இருக்கியா என்று கேட்டுவிட்டு
இருக்கேன் வரும்வரை எண்ணிக்கொண்டிருப்பது.
"பதில் வரலேன்னா?"
நாலு தடவை கேட்கும்.
அப்புறம் நேரம் முடிந்தது என்று காட்டிவிடும்.
பேனா நின்றது.
"நாலு தடவைதானா?"

ரவுட்டரைப் பார்த்தேன்.
கிழக்கு ஜன்னல், கம்பிக்கு அருகில், சாரல் படும் இடம்.
கூடத்தின் நடுவில் வையுங்கள் என்றேன்,
பாதி சிக்னல் வேலி தாண்டிப் போகிறது,
மூன்றாவது அறைக்கு எட்டாது.
அவர் டம்ளரை எடுத்துக் கழுவப் போனார்.

இணைந்திருக்கும் கருவிகள்: ஐந்து.
அக்காவின் போன், டிவி, விருந்தாளிகள் இருவர்,
கடைசியாக ஒரு பெயர்:
அருளப்பன்.
மைனஸ் எண்பத்திரண்டு.
இன்னும் இரண்டடி தள்ளிப்போனால் அறுந்துவிடும்.

யாரோ திருடுறாங்க அக்கா.
ஒரு தட்டு தட்டினால் தடுத்துவிடலாம்,
இல்லையென்றால் பாஸ்வேர்டை மாற்றுவோம்.

குழாய் ஓடிக்கொண்டிருந்தது.
ஜன்னலுக்கு அப்பால் ஆரஞ்சு மரங்கள்,
நீலத் தார்ப்பாய் போட்ட ஓட்டு வீடு,
நடுவே புதுக் கல்வேலி,
சர்வே எண் சிவப்பு மையில் இன்னும் மங்காமல்.

"அண்ணன்" என்றார்.
"ஆறு வருஷமா வாய்தாவுக்கு வாய்தா
சேலத்துல பாத்துக்குறோம்.
அவர் அந்த பெஞ்சு, நான் இந்த பெஞ்சு."
கையைப் புடவையில் துடைத்தார்.
"இந்த ஆப்பைப் பாக்க எனக்கும் தெரியும் தம்பி.
ராத்திரி பதினொண்ணுக்கு அந்தப் பேரு அணையும்,
காலைல அஞ்சுக்கு வந்துடும்.
ரெண்டு நாளாக் காணோம்.
அதான் புகார் குடுத்தேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
பாஸ்வேர்டு பழையபடி.
இரண்டு ஆன்டெனாக்களில் ஒன்றை
வேலிப் பக்கம் கொஞ்சம் சாய்த்தேன்.
மைனஸ் எழுபத்தொன்பது.

சீட்டில் எழுதினேன்:
ரவுட்டர் இருக்குமிடம், வாடிக்கையாளர் விருப்பப்படி.

ஏழாவது வளைவில் வண்டியை நிறுத்தித்
தட்டுவடையைப் பிரித்தேன், நமுத்துப் போயிருந்தது.
போன் அதிர்ந்தது.
மூன்றாவது அறைக்காரர் புதுப் புகார் போட்டிருக்கிறார்:
வேகம் போதவில்லை.