முப்பது மில்லி

காலையிலிருந்து இது ஏழாம் தடவை.
வெள்ளவத்தை, ஒன்பதாம் மாடி, கடலைப் பார்த்த குளியலறை.
டைல் வெட்டும் மெஷின் ஒரு சாண் ஓடும்,
'டக்' என்று ட்ரிப் விழும்,
பிளேட் முனகி முனகி நிற்கும்.
தண்ணி மட்டும் நிற்காது.
கஞ்சி நிறத்தில், பாதி வெட்டிய டைலின் மேலால் வழிந்து
ரம்ஸீன் பாஸின் வெறுங்கால் விரல்களுக்கிடையில் போகும்.

என்னைக் கூப்பிட்டது திருத்துவதற்கு இல்லை.
"அந்தச் சனியனைக் கழற்றிவிட்டு டிரெக்டா குடும்" என்றார்
கண்ட்ராக்டர் குணநாயகம்.
"வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமை டொராண்டோவிலிருந்து வந்திறங்குகிறார்.
உமக்கு ஐந்து நிமிஷ வேலை."

ஐந்து நிமிஷம்கூட இல்லை.
இரண்டு ஸ்க்ரூ, விரல் நீளத்துக்கு ஒரு வயர்.
எனக்குத் தெரியும். செய்திருக்கிறேன்,
போன மாரியில், மட்டக்குளியில்,
இதே மாதிரி ஒரு மெஷினுக்காக, இதே மாதிரி ஒரு அவசரத்துக்காக.
ஒன்றும் நடக்கவில்லை.
டைல் பதித்து முடித்தார்கள், காசு தந்தார்கள்,
ஒரு பார்சல் புரியாணியும் தந்தார்கள்.

பதில் சொல்லாமல் வயரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்,
தண்ணி நடந்த வழியே.
மெஷினில் புறப்பட்ட ஒரு சொட்டு
கறுப்பு வயரின் முதுகில் சறுக்கி
நேரே எக்ஸ்டென்ஷன் பெட்டியின் வாய்க்குள் இறங்கிற்று.
வழியில் ஒரு ஒட்டு. மூன்று நிறத்தில் டேப்.
பிரித்தால் உள்ளே செம்பு பச்சை பூத்துக் கிடந்தது,
கடற்காற்று தின்ற மிச்சம்.
பிளக்குக்கு இரண்டே கால்.
மேலே, மூன்றாம் ஓட்டையில்
ஒரு நீலப் பேனை குத்தி நின்றது.

"ஏர்த் இருக்க வேண்டிய இடத்தில் பேனை.
இது என்ன எழுதக் காத்திருக்கிறது தெரியுமா?" என்றேன்.
யாரும் சிரிக்கவில்லை.
கையாள் சுமேத மட்டும் கிட்ட வந்து
ட்ரிப்பின் நெற்றியில் இருந்த எழுத்தைப் பார்த்தான்.
"முப்பது மில்லியா? சாராயம் என்றால் தொண்டைக்கே காணாது, அண்ணே."
"ஆளுக்குக் காணும்" என்றேன்.
ரம்ஸீன் காலைக் கொஞ்சம் இழுத்து
காய்ந்த பலகைத் துண்டொன்றின் மேல் வைத்தார்.

காலி வீதியில் மூன்று கோர் வயர் வாங்க அரை மணித்தியாலம்.
லிஃப்ட் இல்லாமல் ஏறி வர இன்னொரு கால்.
குணநாயகம் இரண்டு தடவை மணிக்கூட்டைப் பார்த்தார்,
ஒரு தடவை என்னை.
ஒட்டை வெட்டி எறிந்தேன். மூன்று காலுள்ள பிளக் பூட்டினேன்.
பெட்டியைத் தரையிலிருந்து எடுத்து ஜன்னல் கட்டில் வைத்தேன்.
வயரை அதற்குக் கீழே ஒரு ஊஞ்சல் போலத் தொங்கவிட்டேன்.

பிளேட் சுழன்றது. தண்ணி சிதறியது.
ஒரு சொட்டு வயர் வழியே ஊர்ந்து வந்து
ஊஞ்சலின் அடியில் நின்று தடித்தது.
ஏறத் தெரியாது அதற்கு.
விழுந்தது.

மெஷினை நிறுத்தச் சொல்லி டெஸ்ட் பொத்தானை அமத்தினேன்.
'டக்.'
காலையில் எல்லாரும் ஏசிய அதே சத்தம்.
ஏழு தடவை கையை நீட்டி மறித்திருக்கிறது,
ஏழு தடவையும் அதைத் தட்டிவிட்டு
திரும்பத் தண்ணிக்குள் இறங்கியிருக்கிறார் மனுசன்.

பின்னேரம். கீழே கடலோர ரயில் பாதி ஆளை வெளியே தொங்கவிட்டுப் போகிறது.
வயர்க் காசைக் கூலியில் கழித்துத் தந்தார் குணநாயகம்.
வாதாடவில்லை.
வீட்டுக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டு
மட்டக்குளி பஸ்ஸில் தொத்தினேன்,
சட்டைப் பையில் டெஸ்டர், காற்சட்டையில் ஸ்க்ரூடிரைவர்.
கொழும்பின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு.

அங்கே கழற்றியது ஞாபகம் இருக்கிறது.
ஸ்க்ரூக்களை எந்தப் பையில் போட்டேன் என்பதும்,
புரியாணியில் முட்டை இருந்ததும்.
திரும்பப் பூட்டினேனா என்பது மட்டும் இல்லை.

கதவைத் தட்டி யார் என்று சொல்வேன்?
உள்ளே தண்ணிச் சத்தம் கேட்டால்,
குளிக்கிறவரை
என்ன சொல்லி வெளியே கூப்பிடுவேன்?