பட்டியலில் இரண்டாவது

வி.கோட்டா மண்டியில் பெட்டி முப்பது ரூபாய்க்கு விழுந்த அன்று
மற்ற வண்டிக்காரர்கள் மலைப்பாதை வளைவில்
சாய்த்துக் கொட்டிவிட்டு இறங்கினார்கள்.
முனிரத்தினத்துக்கு மனசு வரவில்லை.
மூன்று பெட்டித் தக்காளி
பேரணாம்பட்டில், எங்கள் சமையலறையில்,
சிலிண்டருக்கும் சுவருக்கும் நடுவே
கல்யாணத்துக்கு முந்தின நாளே வந்த உறவுபோல
நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது.
"அழுகறதுக்குள்ள ஏதாவது பண்ணு."
சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

கெட்சப் என்றாள் ஜோஷிகா.
பதினோரு வயது. நாளைக்கு நான்கு ஊசி.
எந்த பாட்டிலைக் கொடுத்தாலும்
முதலில் முதுகைத் திருப்பிப் படிக்கிற பிள்ளை.
"மொதல்ல தக்காளிம்மா. ரெண்டாவது சர்க்கரை.
உப்புகூட அதுக்கப்புறம்தான் வருது."

நான் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவள்.
ஒரு நூல் தள்ளினால் ஜோடியே வீண்.
அளவு எனக்குப் பழக்கம்.
இல்லாததை அளப்பதுதான் புதிது.

வெல்லம் போடு, ஒன்றும் செய்யாது என்றாள்
எதிர்வீட்டு மெஹருன்னிசா.
தேன், என்றாள் அவள் மருமகள்.
பேரீச்சை, என்றது யாரோ.
நல்ல மனசுக்காரர்கள்.
ரத்தத்துக்குத்தான் ஜாதகம் பார்க்கத் தெரியாது,
எல்லா இனிப்பும் அதற்கு ஒரே வீட்டுப் பெண்.

அரைப் பெட்டியை வேகவைத்தேன்.
மாவுச் சல்லடையில் தேய்க்கத் தேய்க்க
தோலும் விதையும் மேலே நின்றன,
கீழே இறங்கியது ரசம்மாதிரி ஒன்று.
இதுவா பாட்டிலில் வரும் என்று
இரண்டு பேருக்குமே நம்பிக்கையில்லை.
லவங்கம் நான்கு, பட்டை ஒரு துண்டு,
துணியில் முடிந்து உள்ளே போட்டேன்.
பூண்டு. காஷ்மீரி மிளகாய், நிறத்துக்கு.
வெங்காயத்தைத் தனியாக, சிறுதீயில்,
அது தன்னிடம் ஒளித்துவைத்திருந்த இனிப்பைத்
தானாகவே ஒப்புக்கொள்கிறவரை.

"தக்காளியிலயே கொஞ்சம் இருக்கும்மா,
அதையும் கணக்குல வெச்சுக்கணும்" என்றாள்
அடுப்பு மேடையில் நோட்டை விரித்தபடி.

ஒரு மணி நேரம். இரண்டு.
கெட்டியாகத் தொடங்கியதும் குமிழ் வெடித்து
சுவரில் ஒன்று, என் மணிக்கட்டில் ஒன்று,
காலண்டரில் வியாழக்கிழமைமேல் ஒன்று.
வினிகர் ஊற்றியபோது வீடே தும்மியது.
தட்டில் ஒரு சொட்டு வைத்துச் சாய்த்தோம்.
தண்ணீர் பிரிந்து ஓடவில்லை.
ஆறு கிலோவுக்குமேல் போனது
ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் முக்கால்.

விரலால் தொட்டு நக்கினாள்.
கண்ணைச் சுருக்கினாள்.
"புளிக்குது." கொஞ்சம் யோசித்து, "நல்லாத்தான் இருக்கு."
அந்தத் 'தான்' என் காதிலேயே நின்றது.
பாட்டிலில் எழுத ஸ்கெட்ச் பேனா எங்கே என்றேன்,
பையில் பார் என்றுவிட்டுக் குளிக்கப் போனாள்.

ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்தேன்.
கவராயத்துக்கு அடியில், அடுக்கடுக்காய்,
பேக்கரியில் பப்ஸோடு தருகிற
குட்டிக் குட்டி கெட்சப் பாக்கெட்.
ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.
எண்ணினேன். பதினேழு.
அளவு எனக்குப் பழக்கம் என்றேனே.
இருந்த மாதிரியே அடுக்கி மூடினேன்.

நேற்று தக்காளி கிலோ அறுபதாம்.
முனிரத்தினம் அந்த பாட்டிலைப் பார்த்து
பேங்க் லாக்கர்ல வைக்கலாம்டி என்று சிரிக்கிறார்.
தினமும் தோசைக்கு ஒரு ஸ்பூன் வைத்துக்கொள்கிறாள்,
மறக்காமல் நோட்டில் எழுதுகிறாள்.
நூற்றுப் பதினெட்டு. நூற்று முப்பத்திரண்டு.

இன்று சாயங்காலம் இருநூற்று ஆறு.
எதனால் என்று அவள் எழுதவில்லை.
பாக்ஸில் பதினாறு இருக்கிறது.
நான் கேட்கப்போவதில்லை.
ஊசியின் அளவை ஒரு புள்ளி கூட்டிக்கொண்டு
அவளே சட்டையைத் தூக்குகிறாள்.