ஹம்ரியா வெளித்துறையில் ஐராவதி

இருபது லிட்டர் கேன் ஒன்பது, அரிசி இரண்டு மூட்டை,
வெங்காயம், தீப்பெட்டி ஒரு கட்டு.
ஹம்ரியாத் துறைமுகத்திலிருந்து லாஞ்சில் ஒரு மணி நேரம்.
அந்தக் கப்பலுக்கு இப்போது முதலாளி இல்லை,
கடன்காரர்கள்தான் இருக்கிறார்கள்.
பதினோரு மாதச் சம்பளம் வராத ஐந்து பேர்
கயிற்றை இறக்கிவிட்டுக் காத்திருப்பார்கள்.

தண்ணீர் ஏறி முடிந்ததும்
ஆயிலர் ஸேயா தூன் என்னை மேலே கூப்பிட்டான்.
புகைபோக்கிக்குக் கீழே, இரும்புச் சுவரில்
இரண்டு ஆள் உயரத்துக்குத் துரு வழிந்திருந்தது.
"எங்கள் ஆறு" என்றான் உடைந்த இங்கிலீஷில்.
வழிநெடுக சாக்பீஸால் ஊர்ப்பெயர்கள்,
வட்ட வட்டமாக, அவன் எழுத்தில்.

உச்சியில் இரண்டு கோடுகள் கூடுகின்றன:
ஒன்று மாலி, மற்றது நிமாய்.
பிறகு மலைகள் மூன்று இடத்தில் கழுத்தை நெரிக்கின்றன.
மாந்தளைக்குக் கீழே
பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டதுபோல
மேற்கே திரும்புகிறது.
சிந்த்வின் வந்து விழுகிறது.
ஓர் ஆணித்தலை புடைத்த இடம் பகான்,
அத்தனை கோபுரங்களும் அந்த ஓர் ஆணிதான்.
கடைசியில் துரு ஒன்பதாய்ப் பிரிந்து
டெக்கில் பரவிக் காய்ந்திருந்தது.
"இங்கே நெல்."
செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதைத் தொட்டான்.

அங்கே வைத்துத்தான் கேட்டான்: "நீ சிட்டியா?"

அவன் அம்மாவின் ஊர் மியாங்மியா.
முப்பதுகளில் நெல் விலை விழுந்தபோது
அவள் தாத்தாவின் பதினேழு ஏக்கர்
ஒரு பெருவிரல் ரேகையில் போனதாம்.

இல்லை என்றேன். பொய்யில்லை, நாங்கள் செட்டியார் இல்லை.
என் பூட்டன் பஸீன் கிட்டங்கியில் கணக்குப்பிள்ளை.
வட்டிச் சிட்டை அவர் கையில்.
முத்து முத்தான எழுத்து என்பார்கள் எங்கள் வீட்டில்.
நாற்பத்திரண்டில் மலை தாண்டி நடந்தே வந்தவர்
வழியில் ஒரு பிள்ளையைப் புதைத்தார்,
பேனாவைத் தொலைக்கவில்லை.
இதையெல்லாம் சொல்லவில்லை.
சட்டைப்பையில் துருத்திய ரசீதுப் புத்தகத்தை
இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினேன்.

அவன் பிறந்தது ஆற்றின் நடுவயிற்றில், யேனான்ஜௌங்.
எண்ணெய் நாறும் ஓடை என்று அர்த்தமாம்.
கிணறு வெட்டுவதுபோலக் கையால் வெட்டி எண்ணெய் எடுத்த ஊர்.
இறங்குகிறவனுக்கு முதலில் கண்ணைக் கட்டுவார்கள்,
இருட்டு பழகட்டும் என்று.
இடுப்பில் கயிறு. அரை நிமிடம் வெட்டு,
மூச்சு முட்டுவதற்குள் இழுத்துவிடுவார்கள்.
பிறகு ஸ்காட்லாந்துக் கம்பெனி இயந்திரத்தோடு வந்தது.
அந்தக் கரையில் சேர்ந்த காசு கடல் தாண்டிப் போய்
இதே வளைகுடாவின் எதிர்ப்புறம், பாரசீக மலையில்
முதல் கிணற்றைத் துளைத்தது.

"ஆக, இதெல்லாம்..." கையை ஒரு சுற்றுச் சுற்றினான்.
டாங்கிகள், தீக்கொழுந்து, கரையோரக் கண்ணாடி மாடிகள்.
"எங்கள் ஓடை நாற்றம்."
சிரித்தான். முன்பல் ஒன்று இல்லை.

ஜப்பான்காரன் வருகிறான் என்று
கிணறுகளைக் கொளுத்தியதும் அதே கம்பெனிதான்.
ஆற்றுக் கப்பல்களை அவற்றின் சொந்தக்காரர்களே
மாந்தளையில் மூழ்கடித்தார்கள்.
"எங்களை அதுகூடச் செய்யவில்லை" என்றான்,
காலால் டெக்கைத் தட்டி.

நாலு மணிக்கு நீரோட்டம் மாறியது.
கப்பல் நங்கூரத்தைச் சுற்றி மெல்லத் திரும்ப
வெயில் மாந்தளையை விட்டு இறங்கி
நெல் வயலில் வந்து நின்றது.
என்ன பேசுவதென்று தெரியவில்லை.
வெங்காயம் அழுகல் இல்லாததாகப் பார்த்து எடுத்தேன் என்றேன்.

கையெழுத்துக்கு ரசீதை நீட்டினேன்.
கேன்: எட்டு என்று எழுதியிருந்தேன்.
அவன் கேன்களைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
வட்டமாக ஒரு கையெழுத்துப் போட்டான்.
நன்றி சொல்லவில்லை.
சனிக்கிழமை மேஸ்திரி கிடங்கில் எண்ணுவார்.
அப்போது பார்த்துக்கொள்ளலாம்.