ஒன்று முப்பது

ஊரில் அது பெண்ணின் பெயர். இங்கே தீவு.
பஹ்ரைனின் சித்ராவில்
இறாலை உறைய வைக்கும் கிடங்கு,
கம்ப்ரசர்களுக்குப் பின்னால் கதவில்லாத ஓர் அறை,
அதில் என் சர்வர்.
ஜூலை, இரவு இரண்டே கால். கரண்ட் போய் வந்தது.
யூபிஎஸ் பேட்டரி உப்பிப்போய் எத்தனை நாளோ.

எழுந்தது. பாதியில் நின்றது.
கறுப்புத் திரையில் சிவப்பு நட்சத்திரங்கள்
இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கின்றன.
ஏதோ ஒரு டிஸ்க்குக்காகக் காத்திருக்கிறதாம்.
ஒன்று முப்பது வரை எண்ணியது.
பிறகு அவசர நிலை. ரூட் கடவுச்சொல்லைக் கொடு,
இல்லையென்றால் கன்ட்ரோல் டி.
கன்ட்ரோல் டி அழுத்தினேன், சோம்பேறிதானே.
மறுபடி அவசர நிலை.

ரொமெல் தெர்மாமீட்டரோடு வந்து நிற்கிறான்.
அறை இன்னும் தாங்கும் சார், பதிவுதான் இல்லை,
இன்ஸ்பெக்டர் வந்தால் மொத்த லாட்டையும் கொட்டச் சொல்வார்.
கையால் எழுது, பத்து நிமிடத்துக்கு ஒன்று, என்றேன்.
குளிரில் பேனா எழுதவில்லை.
பென்சில் தேடிப் போனான்.

கடவுச்சொல் கீபோர்டின் அடியில் ஒட்டியிருக்கிறது,
தவரூபன் கையெழுத்து, தமிழ் எண்கள்.
ஒருவருக்கும் புரியாது என்று எழுதியிருக்கிறான்,
எனக்கும் சேர்த்து.
௮ என்பது எட்டா, வெறும் அ-வா?
மூன்றாம் முறை திறந்தது.

உள்ளே எல்லாம் வாசிக்க மட்டும்.
எழுத விடும்படி ரூட்டை மறுபடி மவுண்ட் செய்தேன்.
இருக்கிற பார்ட்டிஷன்கள் இரண்டு.
எஃப்எஸ்டேப் கேட்பது மூன்று.
மூன்றாம் வரியின் முப்பத்தாறு எழுத்து அடையாளத்தை
திரையில் விரல் வைத்து ஒப்பிட்டேன்,
முதல் நான்கிலேயே பிசகியது,
இருந்தும் கடைசிவரை போனேன்.

டிஸ்க் மேசை டிராயரில் இருந்தது,
பபிள் உறையில், மேலே அதே கையெழுத்து:
டக் டக் எண்டு சத்தம். கழட்டிட்டன்.
அந்த வரியையும் எடுக்கோணும்.
தேதி நவம்பர் ஆறு.
ஏழாம் தேதி அவன் கேன்சலில் போய்விட்டான்.
எட்டு மாதம் இந்தப் பெட்டி அணையவே இல்லை.
அணைந்து எழும்போதுதானே
ஆள் எண்ணுகிறது.

வரியின் தலையில் ஒரு ஹாஷ் போட்டால் தீர்ந்தது.
போட்டேன். எடுத்துவிட்டேன்.
நோஃபெயில் என்று சேர்த்தேன், பத்து நொடி என்று ஒரு வரம்பும்.
கேட்டுப் பார்.
வரவில்லையா, நீ பாட்டுக்கு எழுந்திரு.
ரீபூட்.

மூன்று ஏழுக்கு முதல் எண் விழுந்தது,
மைனஸ் பதினேழு புள்ளி ஆறு.
நடுவில் காணாமல்போன நேரத்துக்கு
ரொமெல்லின் பென்சிலில் ஐந்து எண்கள்,
ஐந்தாவது மட்டும் கோணல்.

ஐந்தரைக்கு கேம்ப் பஸ்.
கண்ணாடியெல்லாம் ஈரப்பதம் வழிகிறது.
குல் ஜமான் பட்டியலை ஸ்டியரிங்கில் சாய்த்து
பெயர் பெயராக அழைக்கிறார்.
தௌரூபன், என்கிறார்.
நவம்பரிலிருந்து அழைக்கிறார்,
ஆபீஸ் புதுப் பட்டியல் தரவில்லை.
தலையைத் திருப்பி கேட்டைப் பார்க்கிறார்.
சிகரெட்டில் இரண்டு இழுப்பு.
பின்னாலிருந்து யாரோ யல்லா என்கிறார்கள்.
கியர் விழுகிறது.

நான் எப்போதும்போல்
பக்கத்துக் காலி சீட்டில்
நனைந்த சாக்ஸைக் காயப் போட்டேன்.